ஃபியோர்தலீசா போட்ட உப்பு

எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில் நல்ல பீர் எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் இடது கேலரிப் பக்கம்தான் கை நீளும். படிக்கட்டுக்கு அடியில் ஒரு பழைய ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்டு, அதன் கதவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஃபியோர்தலீசா நிற்பாள். இருபத்தியொரு வருஷமாக அங்கேதான் நிற்கிறாள். அந்த ஃப்ரிட்ஜுக்கு மின்சாரம் கிடையாது. ஐஸும் கல்லுப்பும்தான்.

என் பெயர் பெனித்தோ. டயர் பஞ்சர் ஒட்டுகிறவன். கேலரியில் என்னைப் புலம்பல் பெனித்தோ என்பார்கள். வெயில், பெஞ்ச், அம்பயர் என்று எதையும் நான் விட்டுவைத்ததில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும். இருபத்தியொரு வருஷத்தில் ஃபியோர்தலீசாவின் பீரைப் பற்றி மட்டும் நான் ஒரு குறை சொன்னதில்லை. அப்படிச் சொல்ல அவள் இடம் வைத்ததில்லை.

எங்களுக்கு நல்ல பீர் என்றால் என்ன பிராண்டு என்பதல்ல. பாட்டில் மணப்பெண் கோலத்தில் வர வேண்டும். கழுத்திலிருந்து அடிவரை வெள்ளை வெளேரென்று பனி பூத்து, லேபிளில் ஓர் எழுத்துகூடத் தெரியக் கூடாது. இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டால் உறைந்துவிடும், ஆனால் உறையவில்லை என்கிற பதம் அது. அந்தப் பதத்தில் வருகிற பாட்டிலைக் கழுத்தில்தான் பிடிக்க வேண்டும். வயிற்றில் கை வைத்தால் போச்சு, உள்ளே முழுக்க ஐஸ் கட்டிக்கொள்ளும். திறப்பதற்கு முன்னால் அடிப்பாகத்தை உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். இது தெரியாமல் வயிற்றைப் பிடிக்கிறவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டோம்.

ஃபியோர்தலீசா ஃப்ரிட்ஜுக்குள் பாட்டில்களை உலர்ந்த தகர வாளிகளில் நிறுத்துவாள். தகரங்களைச் சுற்றி ஐஸ். ஐஸ் மேல் உப்பு; உப்பு கூடக் கூட பாட்டில் வேகமாகக் குளிரும். முதல் இன்னிங்ஸில் மூடினால் ஐந்தாவதில்தான் திறப்பாள். அதற்கு முன்னால் போய்க் கேட்டால், "வறுத்த வாழைக்காய் இருக்கு, தின்னுட்டு இரு" என்பாள். எத்தனை பிடி உப்பு என்பதை அன்றைக்கு எங்கள் அணிக்குப் பந்து எறிகிற பிட்சர் யார் என்று பார்த்துத்தான் முடிவு செய்வாள். பந்தை வாங்கியதும் எறிகிற ஆள் என்றால் ஆட்டம் ஓடும், ஐந்தாவது இன்னிங்ஸ் சீக்கிரம் வரும். அவனுக்கு மூன்று பிடி. நடுத்தரத்துக்கு இரண்டு. தொப்பியைச் சரி செய்து, பந்தைத் தேய்த்து, வானத்தைப் பார்த்து எறிகிற ஆமைக்கு ஒன்று. அவள் நிற்கிற இடத்திலிருந்து படிக்கட்டுச் சந்து வழியாகப் பிட்சரின் இடுப்புக்குக் கீழேதான் தெரியும். அதனால் எல்லாப் பிட்சர்களையும் அவளுக்குக் காலை வைத்துத்தான் தெரியும். முகம் தெரியாது.

இப்படி இருக்கும்போது இந்த சீசனில் மைதானத்தின் சாப்பாட்டுக் குத்தகை கைமாறியது. தலைநகரிலிருந்து ஒவியேதோ என்று ஒரு மேனேஜர் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை. வியாழக்கிழமை அவன் ஃபியோர்தலீசாவின் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, எங்ககிட்ட புது கூலர் வண்டி வந்திருக்கு. கரண்டுல ஓடுது. டிகிரி செட் பண்ணிட்டா அப்படியே நிக்கும். இந்தப் பழைய டப்பாவை எடுத்துடலாம்னு இருக்கேன்."

"உன் வண்டிக்கு இன்னிக்கு யார் எறியறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டாள் அவள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுற்றி நின்ற நாங்கள் சிரித்துவிட்டோம். அவன் முகம் சுருங்கிவிட்டது. "சரி. ஞாயித்துக்கிழமை அஞ்சாவது இன்னிங்ஸ்ல வரேன். ஒரு கப் குடிக்கிறேன். நல்லா இருந்தா நீங்க இருங்க. இல்லேன்னா திங்கட்கிழமை இங்க வண்டி நிக்கும்" என்றான்.

அவ்வளவுதான். ஒரு கப்பில் அவளுடைய இருபத்தியொரு வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நாலு மணிக்கு. நான் மூன்றரைக்கே போய்விட்டேன்.  அவள் நிதானமாகத் தகரங்களை அடுக்கி ஐஸை உடைத்துக்கொண்டிருந்தாள். எறிய வேண்டியவன் எங்கள் வேகமான பிட்சர். மூன்று பிடிக்கு உப்பு மூட்டையை அவிழ்த்தாயிற்று. அப்போது பைக் டாக்ஸி ஓட்டுகிற தெல்ஃபீன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா! பிட்சருக்குத் தோள் பிடிச்சுக்கிச்சு. வேற ஆளு எறியப்போறான். யாரு தெரியுமா? உன் மவன்!"

அவள் மகன் ரதாமேஸ் பிறப்பதற்கே இரண்டு வாரம் தாமதம். இரண்டு வயதில்தான் நடந்தான். பிட்சரானபோதோ, கடவுளே, அவன் மூன்று இன்னிங்ஸ் எறிந்து முடிப்பதற்குள் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறேன். பந்துக்குப் பந்து அடியும் வாங்குவான். அமெரிக்காவில் சின்ன லீக் ஒன்றில் இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. திரும்பி வந்தபின் அவன் எறிந்து அவள் பார்த்ததில்லை.

ஃபியோர்தலீசா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு உப்பில் கை விட்டாள். தகரத்துக்கு ஒரு பிடி போட்டுவிட்டு மூட்டையைக் கட்டினாள்.

"ஒண்ணுதானா?" என்றேன். "பெத்த பிள்ளைக்கு?"

"பெத்ததாலதான் தெரியும். நீ போய் உக்காரு. எனக்கு இன்னிக்கு இந்த இடம் போகக் கூடாது, பெனித்தோ. பாசத்தைப் பார்த்து மூணு பிடி போட்டு, அவன் நாலாவது இன்னிங்ஸ்ல நின்னு வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா எல்லா பாட்டிலும் உறைஞ்சு வெடிச்சுடும்."

அவள் சொன்னது நியாயம்தான். நானாக இருந்தால் அரைப் பிடிதான் போட்டிருப்பேன்.

ஆனால் அந்தப் பயல் என்ன செய்தான் தெரியுமா? முதல் இன்னிங்ஸை ஒன்பது பந்தில் முடித்தான். தொப்பியைத் தொடவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. பந்து கைக்கு வந்ததும் எறிந்தான். இரண்டாவது பதினோரு பந்து. எங்கள் ஆட்களுக்கும் அவசரம், முதல் பந்தையே அடித்து அவுட்டாகிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் எப்படியோ ஒரு ரன் வந்தது. கேலரி எழுந்து ஆடியது. நானும் ஆடினேன். ஆடிக்கொண்டே படிக்கட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தபோதுதான் எனக்குச் சுரீரென்றது. ஃபியோர்தலீசா மூடியைத் திறந்து தகரத்துக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரோட காலு?" என்று என்னிடம் கேட்டாள். "இவன் என் மவன் இல்லையே!"

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஐந்தாவது இன்னிங்ஸ் வந்துவிட்டது. கூடவே ஒவியேதோவும் வந்தான்.

அவள் ஒரு பாட்டிலை எடுத்தாள். மேலெல்லாம் வியர்த்திருந்தது, அவ்வளவுதான். பனி இல்லை. லேபிளில் தேதிகூடப் படிக்கலாம். எனக்கும் ஒரு கப் வாங்கிக்கொண்டேன். வாயில் வைத்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானை இதைவிடக் குளிர்ந்திருக்கும். ஒவியேதோ தன் கப்பைக் குடிப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தான். புலம்புகிறவன் என்று எனக்கு அவ்வளவு பெயர்.

"எப்படி இருக்கு?"

"மணப்பெண்தான்!" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னதில்லை. தெல்ஃபீனும் தன் கப்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "பல்லு கூசுது!" என்றான். பின்னாலிருந்த நாலைந்து பேரும் தலையை ஆட்டினார்கள். சூடான பீரை எங்கள் ஊர்க்காரன் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறான் என்றால் அது சாதாரண விஷயமா?

ஃபியோர்தலீசாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "சும்மா இருங்கடா! என் பீரைப் பத்திப் பொய் சொல்ல நீங்க யாரு?" என்றாள். ஒவியேதோவின் கையிலிருந்த கப்பை வாங்கித் தரையில் ஊற்றினாள். "இது பீர் இல்லை, கழுவுற தண்ணி. தப்பு என்னோடது. ஏழாவது இன்னிங்ஸ்ல வா, தம்பி. அப்பவும் இப்படி இருந்தா நானே உன் வண்டியைத் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தறேன்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஏழாவது வரை நிற்பதாகச் சொன்னான்.

அவள் மூட்டையை அவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. தகரத்துக்கு மூன்று பிடி, ஏற்கெனவே போட்டதற்கு மேலே.  "அவன் எப்பவாவது பழையபடி நின்னுட்டான்னா?" என்றேன்.

"நிக்க மாட்டான்" என்றாள். மூடியை அழுத்தி மூடினாள்.

ஆறாவது இன்னிங்ஸ் நன்றாகப் போனது. ஏழாவதில் வந்தது வினை. ஒருவன் அடித்து ஓடினான், அடுத்தவனும் அடித்து ஓடினான். இரண்டு பேஸில் ஆள், ஒரு அவுட்கூட இல்லை. ரதாமேஸ் எறிகிற மேட்டிலிருந்து இறங்கினான். தொப்பியைக் கழற்றினான். வானத்தைப் பார்த்தான். கேலரி முழுக்க, "ஐயோ, ஆரம்பிச்சுட்டான்டா!" என்றது. சந்து வழியாக அவளுக்குத் தெரிந்தது புல்லில் நின்ற இரண்டு கால்கள்தான். அந்தக் கால்களை அவளுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. தகரத்துக்குள் கண்ணாடி நெறிபடுகிற சத்தம், சின்னதாக, ஒன்று கேட்டது. ஒரு பாட்டில் போயிற்று.

"எறிடா, என் ராசா!" என்று சந்துக்குள் வாயை வைத்துக் கத்தினாள். "எறிடா!"

அந்தக் கூச்சலில் அவனுக்கு எங்கே கேட்டிருக்கும்? ஆனால் கால்கள் மேட்டில் ஏறின. எறிந்தான். தரையோடு உருண்ட பந்து, இரண்டு பேர் அவுட். அடுத்தவன் மேலே தூக்கி அடித்தான், அதுவும் கையில் விழுந்தது. மூன்று அவுட், இன்னிங்ஸ் முடிந்தது.

அவள் மூடியைத் திறந்து ஒரு பாட்டிலைக் கழுத்தைப் பிடித்து எடுத்தாள். அடிமுதல் நுனிவரை வெள்ளை.  அடியை உள்ளங்கையால் தேய்த்தாள். திறந்தாள். சாய்த்தாள். ஒரு நொடி எதுவும் வரவில்லை, நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு கப்பில் விழுகிற சத்தம் கேட்டது.

ஒவியேதோ குடித்தான். நின்றான். மீதியையும் குடித்தான். "இன்னொண்ணு" என்றான். வண்டியைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை.

ஒரு ரன்னில் ஜெயித்தோம். வெயில் சாயும்போது ரதாமேஸ் குளித்துவிட்டு ஈரத் தலையோடு படிக்கட்டுக்கு அடியில் வந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். அங்கே அமெரிக்காவில் பிட்சர் முன்னால் கடிகாரத்தை ஓட விடுகிறார்களாம். நேரத்துக்குள் எறியாவிட்டால் தண்டனையாம். இரண்டு வருஷம் அதில் மாட்டியதில் கை தானாகவே வேகமாகிவிட்டதாம். "அவனுங்க வேணாம்னு அனுப்பிட்டாலும் அதை மட்டும் கத்துக்கிட்டு வந்தேம்மா" என்றான்.

அவள் அவனுக்கென்று வைத்திருந்த பாட்டிலை எடுத்தாள். அவன் அதன் கழுத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டான். அந்த ஃப்ரிட்ஜின் பக்கத்திலேயே தவழ்ந்து வளர்ந்தவன் அல்லவா, சிரித்துக்கொண்டே கேட்டான்.

"இன்னிக்கு எனக்கு எத்தனை பிடி போட்டே?"

நான் தெல்ஃபீனைப் பார்த்தேன். தெல்ஃபீன் தரையைப் பார்த்தான். மூன்று என்று சொல்லு, பெண்ணே, மூன்று என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். பொய்கூட இல்லை, பாதி நிஜம்தான்.

"ஒண்ணு" என்றாள் ஃபியோர்தலீசா.

அவன் சிரிப்பு நின்றது. 

"அஞ்சாவதுக்கு அப்புறம் மூணு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முதல்லயே போட்டிருக்கணும். என்னை மன்னிச்சுடு."

ரதாமேஸ் பாட்டிலின் அடியை உள்ளங்கையால் தேய்த்துத் திறந்தான். முதல் மிடறை அவளுக்குக் கொடுத்தான். இருபத்தியொரு வருஷத்தில் அவள் தன் பீரைக் குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.