டெஸ்ட் டிரைவில் ஸ்டியரிங் யார் கையில் இருந்தது

"ஓட்டினது நீங்கதானாமே?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த ஜெயந்தி இப்படிக் கேட்டபோதுதான் என் ஷோரூம் எனக்கு என்ன செய்திருக்கிறது என்று விளங்கியது. கார் விற்பனைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அதற்கு முந்தின நாள், ஆம்பூரில் தோல் ஃபேக்டரி வைத்திருப்பவரின் மகன் எங்கள் வேலூர் ஷோரூமுக்கு வந்தார். அவர் கேட்டது இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபே, ஹைபிரிட். மெதுவாகப் போனால் பேட்டரியில் ஓடும். மிதித்தால் பெட்ரோல் இன்ஜினும் சேர்ந்துகொள்ளும். அந்த வண்டியில் ஒன்றுகூட நாங்கள் அதுவரை விற்றதில்லை. மேனேஜரே இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

"டேவிட், சாரை டெஸ்ட் டிரைவ் கூட்டிட்டுப் போ. லைசென்ஸ் நான் பாத்துட்டேன். இன்னிக்கே புக்கிங் ஆவணும்."

ஹைவேயில் ஆசை தீர விரட்டினார். ஆம்பூர் நெருங்கியதும் சர்வீஸ் ரோட்டில் இறக்கினார். ஷூ கம்பெனி ஒன்றில் ஷிப்ட் விட்டுப் பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். இன்ஜின் நின்று பேட்டரி மட்டும் ஓடியது.

"சார், லாரி இரைச்சல்ல நம்ம வண்டி வர்றது அவங்களுக்குக் கேக்காது. ஹாரன் அடிங்க."

"இன்னா டேவிட், பூனை மாதிரி போவுது!" என்று சிரித்துக்கொண்டே ஸ்கிரீனைத் தட்டினார்.

பார்வை ரோட்டுக்குத் திரும்புவதற்குள் ஜெயந்தி பானெட்டில் மோதி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. நானும் அவரோடு நடந்து வந்த இரண்டு பெண்களும் அவரை ஆட்டோவில் ஏற்றினோம். ஓட்டியவர் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. அப்பாவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மேனேஜரின் அழைப்பு வந்தது.

"பையனோட லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆயிருக்காம். நீதான் ஓட்டினன்னு சொல்லிடு."

"பாத்துட்டேன்னு சொன்னீங்களே சார்?"

"பேஜார் பண்ணாத டேவிட். நீ ஓட்டினதா இருந்தா இன்சூரன்ஸ் ஒழுங்கா வரும். அந்தப் பொம்பளைக்குத்தான நல்லது?"

பொய்க்குக் கருணை வேஷம் போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஜெயந்தியைப் பார்க்கப் போனால் இந்தக் கேள்வி.

"உங்க ஆபீஸ்லர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. போலீஸ் கேட்டா அப்படியே சொல்லச் சொன்னாங்க."

"இல்லம்மா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"எனக்கும் தெரியும்ணா. கண்ணாடி வழியா அந்த மூஞ்சியப் பாத்தேன். நீங்க ஒத்துக்கினீங்களான்னுதான் கேட்டேன்."

நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஆட்டோவில் வந்த இரண்டு பெண்களும், ஊர் ஃபேக்டரிக்காரர் மகனுக்கு எதிராகச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தபடியே, வந்து சொன்னார்கள். கேஸ் ஓட்டியவர் பெயரிலேயே பதிவானது.

"கஸ்டமர மாட்டி வுட்டவன வெச்சிக்கினு நான் எப்படி வியாபாரம் பண்றது?" என்றார் மேனேஜர். அடையாள அட்டையை அவர் மேஜையில் வீசிவிட்டு வெளியே வந்தேன். இப்போது காட்பாடியில் பழைய வண்டி விற்கும் இடத்தில் வேலை.

சில மாதம் கழித்து, கூட வேலை பார்த்தவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ. அதே மாடல் கூபே, சிவப்பு ரிப்பன், அட்டையில் செய்த பெரிய சாவி. மேனேஜரும் அன்று ஓட்டியவரும் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். ஜெயந்தி அப்போது கைத்தடியோடு நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

தம்பிகளே, டார்கெட் மாதாமாதம் வரும், மேனேஜர்கள் மாறுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த சீட்டை மட்டும் யாருக்காகவும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

கேஸ் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் லீவு போட்டுப் போகிறேன். ஜெயந்தி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு படியேறி வருகிறார். கார் வாங்கியவர் இதுவரை வரவில்லை. அவருடைய வக்கீல் வந்து, கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லை என்கிறார்.