வள்ளக்காரர் மறுத்த வெட்டு

சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்காரரைக் கரைக்கு ஏற்றி இறக்கிய வள்ளக்காரர் அவர். அகன்ற தோள், சிரித்த முகம். சிறுநீர் கழிக்க மட்டும் தூரமாகப் போவார். வெகுநேரம் கழித்து வியர்த்துப்போய் வருவார்.

“என்ன அண்ணை, கடலை நிரப்பிப்போட்டோ வாறியள்?” என்போம், கூட வள்ளம் வலித்த நாங்கள்.

ஒருநாள் சிறுநீர் துளித்துளியாகத்தான் போனது. காய்ச்சலும் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்குத்தர் பார்த்தார். “முன்தோல் இறுகி வழி மூடுது. இனி மருந்து பூசிச் சரிவராது. மரத்துப்போக ஊசி போட்டு அந்தத் தோலை வெட்டினா கெதியில சுகம். விட்டா உயிருக்கு ஆபத்து.”

வள்ளக்காரர் எழும்பிவிட்டார்.

“அது சுன்னத்தெல்லோ, தம்பி. நான் செத்தா, குளிப்பாட்டிற ஆக்கள் பாத்திட்டு வேதம் மாறினவன் எண்டு சொல்லுவினம். பிறகு ஆர் கொள்ளி வைக்கிறது?”

“இது நோய்க்கு வெட்டுறதண்ணை,” என்றேன்.

“ஏலாது.”

அடுத்த மாதம் சிறுநீர் முழுக்க அடைத்து, காய்ச்சலில் போய்விட்டார்.

கிணற்றடியில் நாங்கள்தான் குளிப்பாட்டினோம். இடுப்புத் துணியோடுதான் தண்ணீர் வார்த்தோம். அதை எங்கள் ஆட்கள் ஒருநாளும் அவிழ்ப்பதில்லை. அவரும் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியவர். அந்தப் பயத்தில் அது எப்படி மறந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.