குங்குமம் வைத்த டிஸ்க்

1. அமத்தவா?

ஹட்டனில் ஒரு மாடிப்படிக்கு அடியில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. எழுந்து நிமிர்ந்தால் தலை இடிக்கும். இந்தத் தொழில் எனக்குப் பணிவைக் கற்றுத்தந்தது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் தந்தது கழுத்து வலி. ஒரு மத்தியானம் பாண் ரொட்டியையும் முந்தைய நாள் பருப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வீடியோ மணியண்ணன்.

“தம்பி, டிஸ்க்க மாட்டுனேன். என்னமோ கேக்குது. ஓகே அமத்தவா?”

“என்னா கேக்குதுண்ணே? எழுத்துக் கூட்டி வாசிங்க.”

“எஃப்... ஓ... ஆர்... எம்...”

பருப்பு கீபோர்டில் கொட்டியது. “அமத்தாதீங்க. மவுஸ்லேருந்து கைய எடுங்க. வயர உருவுங்க.”

உருவிவிட்டார்.  ஃபார்மட் பண்ணவா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத்தான் கேட்கும். சரி என்று சொன்னால், டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அதே மரியாதையோடு இல்லாமல் ஆக்கிவிடும்.

அந்த டிஸ்க்கில் இருந்தது ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் முழுக்க. மணியண்ணன் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். லீவு நாட்களில் கல்யாணங்களுக்கு கேமரா தூக்குவார். தோட்டத்தில் அவர் பகுதியான டிவிசனில் வீடியோ எடுத்த கல்யாணம் எல்லாம் அவர் எடுத்ததுதான். பிறகு ஒரு மழைக்கு மண் சரிந்தது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். அலுமாரிகளும் அவற்றுக்குள் இருந்த கல்யாண ஆல்பங்களும் மண்ணோடு போய்விட்டன. லயத்தில் இனி யாரும் இருக்கக்கூடாது என்று சொல்லி, குடும்பங்களை ஆளுக்கொரு திசையில் குடியேற்றினார்கள். ஃபேக்டரிப் பக்கத்து மேட்டில் இருந்த மணியண்ணன் வீடு மட்டும் பிழைத்தது. மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அந்த டிவிசனில் இப்போது விளக்கு எரிவது அவர் வீட்டில் மட்டும்தான்.

மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லோரும் ஒரு நாள் மேலே வருவார்கள். வருகிறவர்கள் கையில் அவரவர் கல்யாணத்தைக் கொடுத்து அனுப்புவதாக அண்ணன் போன் போட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பழைய டேப்புகளை டிஸ்க்கில் ஏற்றியும் விட்டார். டேப்புகளுக்குப் பூஞ்சணம் பிடித்து அவை குப்பைக்குப் போய்விட்டதால், மிச்சம் இருந்தது அந்த டிஸ்க் ஒன்றுதான்.

2. என் மேசையில் அதற்கு நோயே இல்லை

மறுநாள் ரயில் ஏறி வந்தார். ஒரு கம்பளித் தொப்பிக்குள் டிஸ்க்கைக் குழந்தைபோல வைத்துக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு எக்ஸ்டெர்னல் டிஸ்க், கூடவே ஒரு குட்டி யூஎஸ்பி வயர். மேலே குங்குமப் பொட்டு, கொஞ்சம் விபூதி. யூஎஸ்பி ஓட்டைக்குள்ளும் சிவப்புத் தூள் போயிருந்தது. அதுதான் கோளாறு என்று டாக்டர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, பிரஷ் போட்டுத் துடைத்து என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். உடனே திறந்தது. ஹெல்த் பார்த்தேன், நல்லது என்றது. ஒரு கல்யாணத்தை ஓடவிட்டேன். மாப்பிள்ளை தாலி கட்டினார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் காசு வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டினேன்.

வீட்டுக்குப் போய் மாட்டினால் மறுபடி அதே கேள்வி. உள்ளே டிக் டிக் என்று சத்தம் வேறு.

திரும்ப வந்தார். திரும்பவும் பொட்டு, திரும்பவும் துடைத்தேன். குட்டி வயரை மாற்றிக் கொடுத்தேன். என் மேசையில் ஓடியது, அவர் வீட்டில் ஓடவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது, டிஸ்க்கை விட்டுவிட்டுப் போங்கள், ராத்திரி முழுக்க ஓடவிட்டு ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன் என்றேன்.

“லயமே இதுக்குள்ள கெடக்கு தம்பி. ஒங்க கடைல விட்டுட்டு நான் அங்க எப்படித் தூங்குவேன்?”

 வீட்டுக் கம்ப்யூட்டரில் கோளாறு இருக்குமோ என்று கேட்டேன். பென் டிரைவ் மாட்டினால் ஒழுங்காக ஓடுகிறதே என்றார். அப்படியானால் கம்ப்யூட்டர் சரி, டிஸ்க்கும் சரி. மிச்சம் இருப்பது மணியண்ணன்.

பக்கத்து ஹாட்வெயார் கடைக்கார நானாவுக்கு இதெல்லாம் கதவோரத்தில் நின்று பார்க்கும் நாடகம். “அவர் டிஸ்க் காட்டவா வாரார்? தேத்தண்ணி குடிக்க வாரார். பாவம், மலையில பேச ஆளில்ல. நீங்களும் வாய் ஓயாம பேசுறீங்க. ரெண்டு பேருக்கும் நல்ல மருந்து.”

நானும் அதைப் பாதி நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. என் மனைவி கொழும்பில் மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்க்கப் போனவர். ஒரு மாதம் என்று சொல்லிப் போனார், அந்த மாதம் இன்னும் முடியவில்லை. என் சமையலை நினைத்தால் நானும் திரும்பி வந்திருக்க மாட்டேன். கடையில் வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூல் உண்டு. இப்போது எல்லோரும் போனிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதால் அதில் என் குடைதான் உட்கார்ந்திருக்கும். மணியண்ணன் வரும் நாட்களில் குடையை எழுப்பி மூலையில் நிறுத்துவேன்.

3. பையைத் தூக்கிக்கொண்டு

திருவிழாவுக்கு முந்தின வாரம் மறுபடி போன். ஓகே அமத்தச் சொல்லி வீட்டுக்கு வந்த ஒருவர் யோசனை சொன்னாராம். இதைக் கேட்டதும் கடையைப் பூட்டினேன். புதிய டிஸ்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

வட்டகொடையில் இறங்கி, ஃபேக்டரி வரை த்ரீவீலர், பிறகு நடை. லயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வீட்டு வாசலால் பூசணிக்கொடி உள்ளே போய் ஜன்னலால் வெளியே எட்டிப் பார்த்தது. ஓர் இஸ்தோப்புத் திண்ணையில் பூச்சட்டிகள் வரிசையாக இருந்தன. யாரும் தண்ணீர் ஊற்றாமலே மழையில் பூத்திருந்தன.  

மணியண்ணன் வாசலில் நின்றார். உள்ளே போனேன். முன் அறையான காம்பராவில் ஜன்னலோரம் கம்ப்யூட்டர். எதிர்ச் சுவரில், தலைக்கு மேலே, சாமித்தட்டு. முருகன், மாரியம்மன், மாலை போட்ட மனைவி படம். அவர்களுக்கு நடுவில் பொட்டு வைத்துக்கொண்டு டிஸ்க். அதிலிருந்து ஒரு நீள யூஎஸ்பி வயர் சுவரில் இறங்கி, மூலை திரும்பி, ஜன்னலுக்கு மேலே ஏறி, கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட் வரைக்கும் வந்தது. வயரை வளையாமல் நெளியாமல் கிளிப் அடித்துப் பதித்திருந்தார்கள். தோட்டத்து எலக்ட்ரீசியன் ஊரை விட்டுப் போகும் முன் செய்து கொடுத்த வேலையாம்.

“விலை மதிப்பானத சாமிகிட்டதான வைக்கணும் தம்பி?”

நான் அந்த நீள வயர் வழியே விரலை ஓட்டிப் பார்த்தேன். இத்தனை நாளும் விடை என் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. வந்த ஒவ்வொரு தடவையும் பிரஷ் போட்டுத் துடைத்தவன் நான்தான். பொட்டு எங்கே வைத்தது, ஏன் வைத்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அண்ணனுக்குப் புரிய வைக்க, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியைத்தான் உதாரணம் சொன்னேன். பீலியிலிருந்து நீளக் குழாய் போட்டுத் தண்ணீர் இழுத்தால் கடைசி வீட்டுக்குச் சொட்டுத்தான் வரும். கரண்டும் அப்படித்தான். பென் டிரைவுக்குச் சொட்டுப் போதும். டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்ற வேண்டும், அதற்கு வாளி நிறைய வேண்டும். கிடைக்காதபோது அது டிக் டிக் என்று தவித்துப் பாதியில் நின்றுவிடும். டிஸ்க்கைச் சரியாக வாசிக்க முடியாத கம்ப்யூட்டர், இது வெறும் டிஸ்க் போலிருக்கிறது, ஃபார்மட் பண்ணவா என்று கேட்கும்.

நீள வயரை விட்டுவிட்டு, குட்டி வயரால் முன் போர்ட்டிலேயே மாட்டினேன். திறந்தது. ஒரு பெரிய ஃபைலை ஓடவிட்டதும் பாதியில் அறுந்தது. முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே இருக்கும் மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய வயர்தான் வருகிறது, மலை ஈரத்தில் அதன் முனையும் கறுத்திருந்தது. பின்பக்க போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது. அங்கே மாட்டினேன். இம்முறை அறுபடவில்லை. ஒரு கல்யாணம் முழுக்க ஓடியது.

டிஸ்க்கை இனிக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள் என்றேன். மணியண்ணன் சாமித்தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கீழ எறக்க மாட்டேன் தம்பி. அவளும் அங்கதான இருக்கா.”

டிஸ்க் இறங்காது என்றால் கம்ப்யூட்டர்தான் ஏற வேண்டும். மேசையைத் தட்டுக்கு நேர் கீழே இழுத்தோம். குட்டி வயர் அப்போதும் எட்டவில்லை. ஃபேக்டரியிலிருந்து எப்போதோ வந்த ஒரு பழைய தேயிலைப் பெட்டி காம்பராவில் இருந்தது. அதை மேசைமேல் வைத்து, அதன்மேல் கம்ப்யூட்டர் பெட்டியை ஏற்றினோம். எட்டியது. என் வாழ்க்கையில் கும்பிட்டபடி சர்வீஸ் பண்ணிய ஒரே சிஸ்டம் அது. பிரதி எடுத்து முடித்து, புதிய டிஸ்க்கை அவர் முன்னாலேயே பையில் போட்டேன். இதற்கும் பொட்டு வையுங்கள் என்று நானே கேட்டேன்.

4. திருவிழா

நானும் போனேன். கோயில் மடுவக் கொட்டகையில் ஒரு பெரிய டீவியில் கல்யாணங்கள் ஓடின. ஒன்றைக் கவனித்தேன். பொண்ணு மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. “அந்தா எங்க வீட்டுக் கதவு.” “பீலிய பாரு, பாசி புடிச்சி.” “அது நம்ம கொய்யா மரம்டி.” கேமராவில் தப்பித் தவறி விழுந்த பின்னணியைப் பார்த்துத்தான் எல்லோரும் அழுதார்கள். அண்ணன் அன்று பென் டிரைவ்களிலும் போன்களிலும் கல்யாணம் ஏற்றிக்கொண்டே இருந்தார். பின்னேரம் வேன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசி வேனில் எனக்கும் இடம் போட்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மேட்டில் அந்த ஒரு விளக்கு.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டிஸ்க் உங்கள் மேசையில் ஓடினால் உங்கள் மேசை நல்ல மேசை என்று மட்டும்தான் அர்த்தம். அது எங்கே ஓடவில்லையோ அங்கே போய்ப் பாருங்கள். பின் போர்ட்டில் மாட்டுங்கள், குட்டி வயர் போடுங்கள், எதையும் சந்தேகப்படும் முன் ஒரு பிரதி எடுங்கள். துடைக்கும் முன் கேளுங்கள்.

அதற்குப் பிறகு மணியண்ணன் வரவில்லை. கோளாறு தீர்ந்தவர் எதற்கு வருகிறார்? குடை திரும்பவும் ஸ்டூலில் ஏறிக்கொண்டது. தொழிலில் ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்ததற்காக நான் வருத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு ஒருநாள் பாணைப் பிய்க்கும் நேரத்தில் போன் அடித்தது.

“தம்பி, டிஸ்க் நல்லா ஓடுது. அத சொல்லத்தான் எடுத்தேன்.”

“எர்ரர் ஒண்ணும் வரலியாண்ணே?”

“ஒண்ணும் வரல.”

“டிக் டிக் சத்தம்?”

“அதுவும் இல்ல.”

“அப்ப எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்.”

 அண்ணன் கேட்டார், “சாப்பாட்டுக்கே வந்துடுறீங்களா?”