நாற்பது வாட்டுச் சட்டம்

மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானா ஊரில் ஓர் எலக்ட்ரிக் கடை. போன வாரம் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி, அந்தக் காலத்துக் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் மாதிரி வருமா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த வெளிச்சத்தில் வளர்ந்தவள் நான். அதில் அழகும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

தொண்ணூறுகளில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஒரே பல்பு, நாற்பது வாட்டுக்கு மேல் கூடாது. ஜெனரேட்டர் தாங்காதாம். துரை பங்களாவில் நாய்க்கூண்டு வரைக்கும் விளக்கு எரியும், அதை எப்படித் தாங்கியதோ. தோட்டத்துக் கணக்கரான கிராணி சாயங்காலம் வீடு வீடாக வருவார். பல்பை அணைக்கச் சொல்லி, அதில் அச்சடித்த எண்ணைப் படிப்பார்.

அந்த ஒரு பல்பைத்தான் அம்மா வயரோடு தாழ இறக்கிக் கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமே. மிச்ச வெளிச்சத்தில் என் தங்கை செல்வி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். ஐந்தாம் படிவம், வருடக் கடைசியில் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு. தேறாவிட்டால் பால்மரம் வெட்டும் வேலைதான். கண் எரிகிறது என்று அவள் அழுததால் அப்பா ஒருமுறை நூறு வாட்டு மாட்டினார். கிராணி ஒரு மாதத்துக்கு வயரைத் துண்டித்துவிட்டார். அந்த மாதம் முழுக்க மெழுகுவர்த்தி.

எனக்கு அப்போது மலாக்கா டவுனில் தங்கித் தொழிற்சாலை வேலை. அங்கே தெங்கேரா தெருவில் ஒரு சீனர் கடையில் வளைந்த வெள்ளைக் குழாய் விளக்கைப் பார்த்தேன். ஜிமாட் லாம்பு, அதாவது சிக்கன விளக்கு, பதினெட்டு வாட்டுதான், ஆனால் நூறு வாட்டு வெளிச்சம் வரும் என்றார் கடைக்காரத் தவுக்கே. கடையிலேயே சிரித்துவிட்டேன். அவருக்கு ஏனென்று புரிந்திருக்காது.

சனிக்கிழமை லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"என்னாடி இது, ஆஸ்பத்திரி மாரி. சூடே இல்ல. குஞ்செல்லாம் செத்துரும்லா."

"குஞ்சு முக்கியமா, செல்வி முக்கியமா?"

அம்மா பெட்டியைத் தூக்கி அடுப்போரம் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கிராணி வந்துவிட்டார். வெளிச்சம் வாசல் தாண்டிச் சாக்கடை வரைக்கும் விழுந்திருந்தது.

"என்னா, கல்யாண வீடா?"

"ஏறி வாட்டு பாருங்க, சார்."

முக்காலியில் ஏறிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"பதினெட்டா?"

"சட்டப்படி இன்னும் இருவத்திரெண்டு இருக்கு. அதையும் போட்டுக்கவா?"

வெளியே வேடிக்கை பார்த்த லயமே சிரித்தது. அவர் இறங்கிப் போனார். அடுத்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஜெனரேட்டர் இளைத்தால் விளக்கு சிமிட்டும். அதையும் பொறுத்துக்கொண்டு படித்தார்கள்.

செல்வி தேறினாள். பால்மரம் பக்கமே போகவில்லை. மூன்று குஞ்சுகள் செத்தன. அம்மா கடைசி வரைக்கும் எனக்கு அதைச் சொல்லிக் காட்டினார்.

இப்போது லயத்தை இடித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள். கிராணி இல்லை, ஜெனரேட்டர் இல்லை, கடையில் குண்டு பல்பும் இல்லை. போகட்டும். என் வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு எரிகிறது, எவரும் வந்து எண்ணைப் படிக்க முடியாது. எனக்கு வருத்தமெல்லாம் அந்த மூன்று குஞ்சுகளுக்காக மட்டும்தான்.