சரசம்மா மைனி வாஷ்பேசின் சரிசெய்த கதை

சரசம்மா மைனி குளியலறைத் தரையில் மல்லாந்து கிடந்து, வாஷ்பேசினுக்கு அடியில் தொங்கிய பித்தளைக் குழாயை ஹாக்சா பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார். பித்தளைத் தூள் அவருடைய மூக்குக்கண்ணாடியில் விழுந்து மினுங்கியது. வாசலில் நாற்காலி போட்டு அவருடைய கணவர், என் அண்ணன், உட்கார்ந்திருந்தார். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இதைப் பூட்டுனவன் கை வெளங்காமப் போவட்டும்!" என்று அடியிலிருந்து மைனி ஏசினார்.

உடனே பிளேடு நின்றது. பூட்டியவர் அண்ணன்தான்.

"போ… யாச்சு" என்றார் அண்ணன், மடியில் கிடந்த வலது கையைக் கண்ணால் காட்டி.

மைனிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அய்யோ கர்த்தாவே" என்றது அதற்குப் பிறகுதான்.

என் அண்ணன் சுவாமிதாஸ் சாலைக் கடைத்தெருவில் ஒரு பைப்புக் கடையில் விற்பனைக்காரராக இருந்தவர். கல்யாணமான புதிதில் மலையாளம் பேசும் மணக்காட்டில் இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது, வாஷ்பேசினை யாரையும் தொடவிடாமல் தானே மாட்டினார். இணைப்புகளில் சணலைச் சுற்றி, பெயின்ட் அடித்து, போதாதென்று வெள்ளை சிமென்டையும் அப்பினார். "இனி ஒரு சொட்டு வராது" என்றார். வரவும் இல்லை. கழற்ற வழி வைத்துப் பூட்டுங்கள் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற மனிதர், சொந்த வீட்டில் மட்டும் கழற்றவே முடியாதபடி பூட்டிவிட்டார்.

மைனி மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். வரும்போது மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. தெருவிலுள்ள பெண்களுக்கு ரவிக்கை அளவெடுத்துத்தான் அதைப் படித்தார். கத்தரிக்கோலும் ஊசியும் பிடித்த கை. ஸ்பேனரை எடுத்ததில்லை. எடுக்க அண்ணன் விட்டதும் இல்லை.

தொண்ணூற்றெட்டில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு துண்டுதுண்டாயிற்று. சாப்பாடு, குளியல், வேட்டி கட்டுவது எல்லாமே மைனியின் கையில். ஒன்று மட்டும் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் வாஷ்பேசின் விளிம்பில் இடுப்பைச் சாய்த்து நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் தானே சவரம் செய்வார். அரைமணி நேரம் ஆகும். வெளியே மைனி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பார். அண்ணன் ஒருநாளும் கூப்பிடமாட்டார்.

நான் வந்த வாரத்தில்தான் அந்த வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது. அழுக்குத் தண்ணீர் விளிம்புவரை நின்றது. நான் வீட்டுக்கு வரவழைத்த முடிதிருத்துகிறவரிடம் அண்ணன் ஒரு தடவை முகத்தைக் கொடுத்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. மறுதடவை அந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். நான் கொண்டுவந்திருந்த மின்சார ஷேவர் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. வெள்ளைத் தாடி வளர்ந்தது. கட்டிலைவிட்டு இறங்குவதும் குறைந்தது.

பிளம்பர் ஷாஜி வந்து பார்த்தார். "சேச்சி, இது பேசினெடுத்து மாற்றி, சுவரு பொளிக்கணும். ஓணம் கழிஞ்ஞிட்டு வராம்" என்றார். சுவரை உடைக்க வேண்டுமாம்; ஓணத்துக்கோ இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அவர் போன பிறகு நான் சொன்னேன்: "மைனி, பேசாம ஒரு ஃபிளாட் பாப்போம். லிஃப்ட் உண்டு, எல்லாம் புதுசு."

"புதுசு வரட்டும் தம்பி. அதுவரைக்கும் உங்க அண்ணாச்சி எதுல சாஞ்சு நிப்பாவ? ஒரு மாசம் நிக்காம இருந்தா, பெறவு அவிய நிக்கவே மாட்டாவ. டார்ச்ச எடுங்க."

அப்படித்தான் அறுக்க ஆரம்பித்தார். சுவர்ப் பக்கத்துச் சிமென்டை உளியும் சுத்தியலும் வைத்து, தையல் பிரிப்பதைப்போலப் பொறுமையாக, துளித்துளியாகப் பெயர்த்தார். சுவரில் விரிசல் விழவில்லை. கடைசியில் குழாயின் அடியில் குடுவை போன்றிருந்த அந்தப் பித்தளைப் பாகம் அப்படியே கையோடு வந்தது. வாளியில் கவிழ்த்தார். கறுத்த சேறு, சோப்பும் மயிரும் சேர்ந்த ஒரு உருண்டை. அதற்குள் பச்சையாக என்னவோ தெரிந்தது. விரலால் விலக்கினார். சவரக் கிரீம் டியூபின் மூடிகள், மூன்று.

பேசினின் சல்லடை உடைந்து வருஷக்கணக்காயிற்று. அண்ணன் ஒற்றைக் கையால் மூடியைத் திருகும்போது ஒவ்வொன்றாக நழுவி உள்ளே விழுந்திருக்கின்றன. அலமாரியில் இருந்த டியூபின் வாயில் காகிதம் சுருட்டிச் செருகியிருந்ததை நானும் பார்த்திருந்தேன். மூடி எங்கே என்று மைனி கேட்கும்போதெல்லாம் எலி கொண்டுபோய்விட்டதாக அண்ணன் சொல்வாராம்.

"என்… ன… உண்டு?" என்று வாசலிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார்.

மைனியின் கை சட்டென்று மூடிக்கொண்டது. "என்ன இருக்கும், சேறும் மயிரும்தான். நாத்தம் தாங்கல. நீங்க கொஞ்சம் அங்கன தள்ளி இரியுங்க."

அறுத்த துண்டைத் தினசரித் தாளில் சுற்றிக்கொண்டு மைனியும் நானும் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். அண்ணனின் பழைய கடையில் அவரோடு வேலை பார்த்த பிச்சைக்கனி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இது நம்ம அண்ணாச்சி பூட்டுனதுல்லா! அக்கா, நீங்களா அறுத்தீங்க? ஒரு ஆள அனுப்பட்டா?"

"ஆளக் கண்டா அவிய மொகத்த மூடிக்கிடுவாவ கனி. சாமானத் தாரும், நான் மாட்டுவேன்."

பிளாஸ்டிக்கில் அதே அளவு குடுவையும், ரப்பர் வாசரும், புதுச் சல்லடையும் கொடுத்தார். திரும்பும் வழியில் மைனி ஒரு பேன்ஸிக் கடையில் ஏறினார். கிண்ணத்தில் அடைத்த வட்டச் சவர சோப்பு ஒன்றும் ஒரு பிரஷும் வாங்கினார். இரண்டையும் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

மாட்டி முடித்துத் தண்ணீர் திறந்ததும் கீழே சொட்டியது. இறுக்கினார், சொட்டியது. மறுபடி இறுக்கினார், மறுபடியும் சொட்டியது. மைனி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானை முழுக்கச் சேறு.

"வாச… ரு" என்றார் அண்ணன்.

"என்னது?"

"தல… கீழா."

எனக்குப் புரியவில்லை. மைனிக்குப் புரிந்தது. கழற்றிப் பார்த்தார். ரப்பரின் சரிந்த பக்கம் மேலே இருந்தது. புரட்டிப் போட்டு, ஸ்பேனரை எடுத்தார்.

"வேண்… டாம். கை… போதும். பிளாஸ்டிக்… உடையும்."

"இத மொதல்லயே சொன்னா என்ன கொறஞ்சா போவும்? சிமென்டு அப்புன ஆளு புத்தி சொல்லுகாரு!"

அண்ணனின் ஒரு பக்க உதடு சிரித்தது. மைனி வெறுங்கையால் திருகினார். தண்ணீர் விட்டோம். சுழித்துக்கொண்டு இறங்கியது. அடியில் விரித்திருந்த தாள் நனையவில்லை.

மறுநாள் காலை அண்ணன் எழுந்து, யாரையும் கூப்பிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாஷ்பேசின் முன்னால் போய் நின்றார். அலமாரியில் டியூப் இல்லை. திறந்து மூட ஒன்றுமில்லாத அந்த வட்ட சோப்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி மைனியைப் பார்த்தார். மைனி மெஷினில் நூல் கோப்பதில் முனைந்திருந்தார். அண்ணன் பிரஷை நனைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் இறங்கும் சத்தமும் உடனே கேட்டது.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். கன்னம் மழமழவென்றிருந்தது. இடது தாடைக்குக் கீழே மட்டும் ஒரு திட்டு வெள்ளையாக விட்டுப்போயிருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். மைனி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அண்ணனே அங்கே தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அது… நாளைக்கு" என்றார். காப்பி கேட்டார்.