உட்கார்ந்த கண்ணுக்கு ஒரு ரோடு

அப்பா ஏன் சாப்பிடும்போதே தூங்கி விழுகிறார் என்று நீங்கள் ரெண்டு பேரும் சிரிக்கிறீர்கள். ஒருநாள் வேலையை எழுதி வைக்கிறேன், படித்துப் பாருங்கள்.

தொம்மலூரில் ஒரு சிகிச்சை மையம். அங்கே ஓர் அறையில் மூன்று சுவரும் வெள்ளைத் திரை. மேலே சுவருக்கு ஒன்றாக மூன்று புரொஜெக்டர். மூன்று படமும் சேர்ந்து ஒரே ரோடாகத் தெரிய வேண்டும். நடுவில் நிற்பவருக்கு நிஜத் தெருவில் நிற்கிற மாதிரியே இருக்கும். விபத்தில் அடிபட்டு, ரோட்டைக் கண்டாலே நடுங்குகிறவர்களுக்கு அங்கே பயிற்சி. படங்களைப் பொருத்துவது என் வேலை. காலையிலிருந்து ஏணியில் ஏறி இறங்கி, கழுத்து பிடித்துக்கொண்டு, ஒருவழியாக முடித்தேன்.

அப்போது ஓர் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நீலசந்திராக்காரர், காக்ஸ் டவுனில் சமையல் வேலை. பைக் மோதியதில் கால் உடைந்திருந்தது. கால் தேறி வருகிறதாம். ஆனால் வண்டிச் சத்தம் கேட்டாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். அப்படி இருந்தால் வேலைக்கு எப்படிப் போவது?

படத்தைப் போட்டதும், "ஐயோ, ரோடு மூலையில ஒடிஞ்சு போயிருக்கே! தலை சுத்துது" என்று கண்ணை மூடிவிட்டார்.

"இன்னைக்கு பேடா அக்கா, வேண்டாம், வீட்டுக்குப் போங்க" என்றார் பயிற்சி தரும் கன்னடப் பெண்.

"போனா திரும்பி வரமாட்டேம்மா. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

எனக்குப் புரிந்தது. நிற்பவருடைய கண் உயரத்துக்கு நான் பொருத்தியிருந்தேன். இவர் உட்கார்ந்திருக்கிறார். கண் கீழே இறங்கினால், சுவர் சேருமிடத்தில் கோடு உடைந்துதான் தெரியும். டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அவர் கண்வரை அளந்தேன்.

"என்ன தம்பி, ஜாக்கெட்டுக்கா அளவு எடுக்கிறே?"

"கண்ணுக்கு, அக்கா."

"பாத்து, டைட்டா தெச்சுடாதே."

அந்த உயரத்தில் என் கண் வருமாறு முட்டி போட்டபடியே எல்லாக் கோடுகளையும் முதலிலிருந்து சேர்த்தேன். முட்டி விண்விண் என்று தெறித்தது. அக்கா வேறு, "இந்நேரத்துக்கு ஒரு கல்யாணத்துக்கே சமைச்சிருப்பேன்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி படம் ஓடியது. பஸ் வந்தது. அவர் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. கண் மூடவில்லை. நாம் ரோடு தாண்டும்போது செய்வோமே, அதுபோல் ஒரு கையை நீட்டி, "ஏய், நில்லுப்பா!" என்றார். பஸ் நிற்காமல் போய்விட்டது.

"பாரு, இவனும் நிஜ டிரைவர் மாதிரியே போறான்!"

பிறகு வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். "இப்பப் போகலாம்" என்றார் மெதுவாக.

நான் சுவரோரம் தரையிலேயே சாய்ந்துவிட்டேன். எழுந்திருக்கத் தெம்பில்லை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னொரு தடவை போடு தம்பி" என்றார்.

போட்டேன்.