புகையில் எடுத்த புளிப்பு: நோட்டன் பிரிட்ஜுக்கு ஒரு கேன் ரப்பர் பால்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நோட்டன் பிரிட்ஜ் போய் வந்தேன். நீர்த்தேக்கம் பார்க்க அல்ல. என் பள்ளித் தோழி புவனா அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பின்கொட்டகையில் ஆராய்ச்சி செய்கிறாள். வியாழன் மாலை போன் செய்தாள்.

"உங்க ஊருல வெட்டின ரப்பர் பால் ரெண்டு லீட்டர் வேணும்டி. சனிக்கிழமை பதினொரு மணிக்கு தொரை வந்து பாப்பாரு. அன்னைக்குக் காட்ட முடியலன்னா சாமானெல்லாம் கட்டிக்கிட்டு கெம்பஸுக்கே திரும்பணும்."

தொரை என்றால் தோட்ட மேலாளர்; கெம்பஸ் அவளுடைய பல்கலைக்கழகம். நான் வேலை பார்ப்பது யட்டியாந்தோட்டையில். அங்கே பாலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சோதனைக்கு மருந்து கலக்காத பால்தான் வேண்டும்; அது சில மணி நேரத்தில் தானாகவே திரைந்துவிடும். அதுதான் பயம்.

காலை 7.40 பஸ். கினிகத்தேனை வரை சுமார் 30 கி.மீ., ரூ. 140. கேனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தார். உண்மை தெரிந்ததும் அவர் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். 9.10க்கு இறங்கினால், நோட்டன் பஸ் அப்போதுதான் போயிருந்தது. த்ரீவீல் ஆட்டோ ஓட்டும் நானா (முஸ்லிம் அண்ணன்) ரூ. 1,800 கேட்டு 1,500க்கு இறங்கினார்.

"என்ன மிஸ், ரப்பர் பாலா? சீட்டுல ஊத்திராதீங்க. ஒட்டினா கழட்ட ஏலாது."

9.55க்குப் போய்ச் சேர்ந்தேன். புவனா காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவளுடைய கருவி, மீன் தொட்டி அளவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. தேயிலை காயவைக்கும் விறகு அடுப்பின் புகையிலிருந்து காபனீரொட்சைட்டை, அதாவது கரியமில வாயுவை, மட்டும் பிரித்து அதற்குள் விடுகிறாள். தொழிற்சாலையின் சொந்தச் சிறு நீர்மின் இயந்திரத்திலிருந்து கொஞ்சம் மின்சாரம். உள்ளே கரி இழையால் நெய்த துணியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த மின்சாரத்தைத் தின்று, வாயுவைப் புளிப்பாக, அதாவது வினாகிரியில் இருக்கும் அதே அமிலமாக, மாற்றுகின்றன. ரப்பர் பாலைத் திரைய வைக்க அமிலம் தேவை. வேலை சுலபமாகத்தான் கேட்கிறது. ஆனால் அந்த நுண்ணுயிர்களுக்குக் காற்று ஆகாது.

முதல் இரண்டு மாதம் அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாளாம். ஒரு சொட்டுப் புளிப்பு இல்லை. பிறகுதான் தெரிந்தது, தினமும் காலையில், தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் பெட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறார். கொழுந்து பதமாகிவிட்டதா என்பதை மூக்கால் சொல்கிறவர் அவர்.

"மோந்து பாக்காம எப்படிங்க மிஸ் விடறது? கை தானாப் போயிருச்சு" என்று என்னிடமும் சொன்னார். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. புவனா சண்டை போடவில்லை. புதிதாக நுண்ணுயிர் வளர்த்து, தினமும் ஊசிக்குழாயில் கொஞ்சம் எடுத்து அவர் மூக்குக்குக் கொடுத்திருக்கிறாள். புளிப்பு வந்துவிட்டதை முதலில் சொன்னவரும் அவர்தான்.

தொரை 11.20க்கு வந்தார். இரண்டு தட்டில் பால். ஒன்றில் புவனா வெறும் தண்ணீர் ஊற்றினாள், மற்றதில் ஒரு மாதமாகச் சேர்த்த அமிலம். ஐந்து நிமிடம் ஆகியும் இரண்டும் பாலாகவே இருந்தன. நான் கெட்ட பாலைக் கொண்டுவந்துவிட்டேனோ என்று கேன் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாவது நிமிடம் ஒரு தட்டின் ஓரம் தடித்தது. கால் மணி நேரத்தில் அது தயிராக உறைந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிய தட்டு அப்படியே கிடந்தது. தொரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, டீமேக்கரை மட்டும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். 

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கினிகத்தேனையிலிருந்து நோட்டன் சுமார் 13 கி.மீ. பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டு வையுங்கள், என்னைப் போல 1,500 அழ வேண்டாம். மத்தியானத்துக்குமேல் மழை, குடை கட்டாயம். தொழிற்சாலைக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரு மாத உழைப்பில் வந்தது உள்ளங்கை அகல ரப்பர்தான். மலை முழுக்கப் போகும் புகைக்கு இது எம்மாத்திரம் என்று கேட்கலாம். இருந்தாலும், புகையில் செய்த ஒன்றை நான் என் கையால் தொட்டேன். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

திரும்பக் கிளம்பும்போது டீமேக்கர் மழையில் நனைந்துகொண்டே வந்தார். கையில் இருந்த புதுப் பூட்டையும் இரண்டு சாவிகளையும் புவனாவிடம் நீட்டினார்.

"கொட்டகை இன்னும் ஒரு வருஷத்துக்கு உங்களுக்குத்தானாம் மிஸ். தொரை பூட்டுப் போடச் சொன்னாரு. ஒரு சாவிய என்கிட்ட வச்சுக்கச் சொன்னாரு, நாந்தான் வேணாம்னுட்டேன். ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க."